காவல் நின்றோருக்கு நாம் பட்ட கடன்

ஆலயத்திலே கொடியேற்றம் தொடங்கித் தேர், தீர்த்தம், பூங்காவனம் என மகோற்சவம் இனிதே நிறைவெய்திய பின்னர், வைரவர் மடை வைத்து வழிபடுவது யாழ்ப்பாணத்துச் சைவ மக்களிடையே தொன்றுதொட்டு நிலவிவரும் வழக்கமாகும். இத்தனை நாள் விழாவும் இடையூறு எதுவுமின்றி நடைபெறக் காவலாய் நின்றவர் வைரவப் பெருமான். அவருக்கு நன்றி கூறாமல் எமது விழா முற்றுப்பெறுவதில்லை. அது மட்டுமன்று. அர்த்தசாமப் பூசை முடிந்து திருக்கதவம் பூட்டப்பட்டதும் ஆலயத் திறப்பை வைரவர் சந்நிதியிலே ஒப்படைப்பதும் எமது மரபு. ஊர் உறங்கும் வேளையில் உறங்காதிருப்பவர் ஒருவர் உண்டு என்ற நம்பிக்கையிலேயே நாம் வீடு திரும்புகின்றோம்.

ஆகவே காவல் புரிவோருக்கு மரியாதை செய்தல் சைவர்களாகிய எமக்குப் பிறர் வந்து கற்பிக்க வேண்டிய பாடமன்று. ஆனால் ஒரு கேள்வி எழுகின்றது. தெய்வக் காவலுக்கு மடை வைக்கும் நாம், மனிதக் காவலிலே நின்று உயிர் துறந்தவர்களுக்கு என்ன செய்கின்றோம்? கடமையில் இறந்த ஒரு பொலிஸ் உத்தியோகத்தரை நினைந்து கைகூப்புவது தக்கதா, தகாததா? எமது மண்ணிலே இது இலகுவாக விடை கூறத்தக்க கேள்வியன்று. பலருக்கு இது கசப்பான கேள்வியுங்கூட. எனினும் அறத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கு ஆலயத்தையும் ஆலய மலரையும் விடத் தகுந்த இடம் வேறெது?

முதலில் எமது முன்னோர் செய்தவற்றை நோக்குவோம். ஆநிரைகளைக் கவர்ந்து செல்வோரை எதிர்த்துப் போரிட்டு, ஊரவரின் செல்வத்தை மீட்டு மடிந்த வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டனர் பண்டைத் தமிழர். கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக, நீராட்டி, நட்டு, பெரும்படையல் இட்டு, வாழ்த்துவது ஈறாக அதன் படிமுறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தமிழ்நாட்டிலே திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதிலே வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது எனக் கல்வெட்டு அதனையும் பெயர் சொல்லிப் பதிவு செய்கின்றது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்னர், காவல் காத்த நாய்க்கும் நன்றி மறவாத சமுதாயம் எமது சமுதாயம். வைரவருக்கு நாயை வாகனமாகக் கண்டவர்கள் அவ்வாறு செய்ததில் வியப்பில்லை.

அடுத்துப் பெரிய புராணத்துக்கு வருவோம். மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு எமது ஆலயங்களில் புராண படனத்தின்போது பலமுறை கேட்டதே. ஆயினும் நாயனாரைப் பற்றிப் பேசுமளவுக்கு அவருடைய வாயிற்காவலன் தத்தனைப் பற்றி நாம் பேசுவதில்லை. திருநீறு பூசிச் சிவவேடம் பூண்டு வந்த முத்தநாதனை, அரசர் துயிலும் நேரமிது என்று கூறித் தடுத்தவன் தத்தன் ஒருவனே. தடையை மீறி உட்புகுந்த பகைவன், புத்தகக் கட்டினுள் மறைத்து வைத்திருந்த ஆயுதத்தால் அரசரைக் குத்தினான். தத்தன் வாளோடு பாய்ந்தான். சாயும் நிலையிலிருந்த நாயனாரோ, இவர் எம்மவர் என்று கூறித் தடுத்தார். தமக்கு ஊறு செய்தவனை ஊறின்றி ஊர் எல்லைக்கு அப்பால் விட்டுவருமாறும் பணித்தார்.

இந்த இடத்திலே தத்தனுடைய மனநிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கையிலே வாள் இருக்கின்றது. எதிரே தன் அரசனைக் குத்தியவன் நிற்கின்றான். வீதியிலே கொதித்தெழுந்த மக்கள் திரண்டு நிற்கின்றனர். ஒரு கணம் அவன் விலகி நின்றிருந்தால் போதும், மக்களே பழி தீர்த்திருப்பார்கள். அவன் விலகவில்லை. அரசனின் ஆணையை மக்களுக்கு எடுத்துரைத்து, வழிவிடச் செய்து, கொலைகாரனைப் பத்திரமாகக் கொண்டுசென்று விட்டுவிட்டு, திரும்பி வந்து சேதி சொன்னான். காவற்கடமையின் உச்சம் இதுவே. தான் நேசிப்பவரைக் காப்பது யாருக்கும் இயலும். தான் வெறுப்பவனையும் ஆணைக்கும் அறத்துக்கும் அடங்கிக் காப்பதற்குத் தவம் வேண்டும்.

இனி எமது நாட்டு நடப்பைப் பார்ப்போம். இலங்கைப் பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் மார்ச் மாதம் 21 ஆந் திகதியைக் கடமையில் உயிர்நீத்தோர் நினைவு நாளாக அனுட்டித்து வருகின்றது. 1864 ஆம் ஆண்டு அதே திகதியில் மாவனல்லைப் பகுதியிலே உத்துவன்கந்தைச் சரதியேல் என்னும் கொள்ளைக்காரனையும் அவனது கூட்டாளியையும் கைது செய்யச் சென்ற சபான் என்னும் கான்ஸ்டபிள் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்நாட்டிலே கடமையின்போது உயிரிழந்த முதலாவது பொலிஸ் உத்தியோகத்தராக அவரையே கொள்கின்றனர். சரதியேல் அதே ஆண்டு மே மாதம் 7 ஆந் திகதி கண்டியிலே தூக்கிலிடப்பட்டான்.

அண்டை நாடாகிய இந்தியாவிலே ஒக்டோபர் 21 ஆந் திகதி இத்தகைய நினைவு நாளாகும். 1959 ஆம் ஆண்டு அத்திகதியில் லடாக்கின் பனிமலையிலே, ஹொட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில், சீனப் படையினரின் தாக்குதலில் 10 பொலிஸார் உயிரிழந்தமையை ஒட்டி அந்நாள் தெரிவு செய்யப்பட்டது. 2018 ஆம் ஆண்டு புதுடில்லியிலே திறந்து வைக்கப்பட்ட தேசிய நினைவாலயத்தின் சுவரிலே, சுதந்திரத்தின் பின்னர் கடமையில் இறந்த 34,000 க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சரதியேலின் கதை நாட்டார் கதையாகி, செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்ற புகழோடு இன்றும் வாழ்கின்றது. சபானின் பெயரோ வருடத்துக்கு ஒருமுறை அணிவகுப்பு மைதானத்திலே உச்சரிக்கப்படுவதோடு சரி. மக்கள் ஏன் கொள்ளைக்காரனை நினைவில் வைத்துக் காவலரை மறந்தார்கள்? சபான் மீது அவர்களுக்குக் கோபம் ஒன்றும் இருந்திருக்க முடியாது. அவரை அனுப்பிய அரசு அந்நிய அரசு. அதன்மேல் இருந்த வெறுப்பு, அதன் சீருடையை அணிந்தவர் மேலும் படிந்தது. மனிதனைச் சீருடை மறைத்துவிட்டது. இந்நிலை எமக்கும் புதியதன்று.

உள்ளதை உள்ளபடி பேச வேண்டும். 1974 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆந் திகதி, யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளிலே, பொலிஸார் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டமையால் ஒன்பது பேர் உயிரிழந்தனர். 2016 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆந் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியிலே பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டினால் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். சீருடையைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திய தலைமுறை எமது தலைமுறை. இவற்றை மறந்துவிட்டு மாலை சூட்டுங்கள் என்று எவரும் எம்மிடம் கேட்க முடியாது. அப்படி மறந்து செய்யும் மரியாதை மரியாதையும் ஆகாது.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவை இங்கே தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று நாச்சிமார் கோவிலடியிலே நடந்த தேர்தல் கூட்டமொன்றிலே காவற்கடமையில் நின்ற பொலிஸார் சுடப்பட்டு உயிரிழந்தனர். அவர்கள் அன்று எவரையும் தாக்க வந்தவர்களல்லர். தமிழ்த் தலைவர்கள் பேசிய கூட்டத்துக்குக் காவல் நின்றவர்கள். ஆனால் அவர்களுடைய பெயர்கள் இன்று எமக்கு யாருக்கேனும் தெரியுமா? தெரியாது. ஏனெனில் அவர்களுக்காகப் பழிவாங்கப் புறப்பட்டவர்கள் அன்றிரவும் அடுத்த நாட்களும் யாழ் நகரை எரித்தார்கள். 97,000 நூல்களோடு எமது பொது நூலகம் சாம்பரானது. சகாக்களின் சாவுக்குப் பழிவாங்குவதாக எண்ணிய அவர்கள், இறந்த சகாக்களுக்கு உரிய மரியாதையையும் அந்த நெருப்பிலேயே எரித்துவிட்டார்கள். அந்த இரவை நினைக்கும்போது எமக்கு நூலகம் நினைவுக்கு வருகின்றது. காவல் நின்று விழுந்தவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

தத்தன் செய்ததற்கு நேர்மாறான செயல் இது. வாளை அடக்கிய தத்தனால் காவல் என்னும் தொழிலே பெருமை பெற்றது. நெருப்பை மூட்டியவர்களால் அத்தொழில் சிறுமையுற்றது.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, அதே யாழ்ப்பாணத்திலே வேறொரு சம்பவம் நிகழ்ந்தது. 2017 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22 ஆந் திகதி சனிக்கிழமை மாலை, நல்லூர்க் கந்தசுவாமி ஆலயச் சுற்றாடலிலே, அப்போது யாழ். மேல் நீதிமன்ற நீதிபதியாக இருந்த மாணிக்கவாசகர் இளஞ்செழியன் அவர்கள் வாகனத்தில் சென்றுகொண்டிருந்தார். வீதியிலே ஏற்பட்ட நெரிசலைச் சீர்செய்ய முற்பட்ட அவருடைய மெய்க்காவலரின் கைத்துப்பாக்கியை ஒருவர் பறித்து அவரைச் சுட்டார். மற்றொரு மெய்க்காவலரும் காயமுற்றார். சுடப்பட்டவர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர. சிலாபத்தைச் சேர்ந்த சிங்களவர். இரு பிள்ளைகளின் தந்தை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்நீதிபதியோடு கடமையாற்றியவர். யாழ். போதனா வைத்தியசாலையிலே சேர்க்கப்பட்ட அவர், நள்ளிரவு கடந்து 23 ஆந் திகதி பிறந்தபின் உயிர் துறந்தார்.

நீதிபதி அவ்வேளை புங்குடுதீவு மாணவி கொலை வழக்கை விசாரித்த மூவர் கொண்ட நீதிமன்றத்திலே ஒருவராக இருந்தார். அவரே இலக்கு எனச் சிலரும், தற்செயலாக மூண்ட சச்சரவே எனச் சிலரும் கூறினர். சுட்டவரின் நோக்கத்தை ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை. எமது சிந்தனைக்கு அது தடையன்று. எந்த நோக்கத்தோடு குண்டு வந்தாலும் அது வந்த இடத்திலே, நீதிபதிக்கு முன்னே, ஹேமச்சந்திர நின்றார் என்பதே எமக்கு முக்கியம். அந்த வழக்கு நின்றுபோகவில்லை. அதே ஆண்டு செப்டெம்பர் 27 ஆந் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டு, எழுவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். எமது தீவகத்துப் பிள்ளை ஒருத்திக்கு நீதி கேட்ட வழக்கின் நீதிபதிக்குக் காவல் நின்றவர், தமிழை வீட்டு மொழியாகக் கொள்ளாத ஒரு தந்தை.

நாட்களையும் கவனியுங்கள். 2017 ஜூலை 23 ஆடி அமாவாசை. தந்தையை இழந்த சைவ மக்கள் கீரிமலையிலும் ஏனைய தீர்த்தக் கரைகளிலும் தர்ப்பணம் செய்து பிதிர்க்கடன் தீர்க்கும் புண்ணிய நாள். அந்நாள் பிறந்த வேளையில் சிலாபத்திலே இரு பிள்ளைகள் தந்தையை இழந்தார்கள். ஜூலை 23 என்பது எமது நெஞ்சிலே வேறொரு வடுவையும் தாங்கிய திகதி. 1983 ஆம் ஆண்டு அதே நாள் இரவு, நல்லூருக்கு அயலிலுள்ள திருநெல்வேலியிலே இராணுவத்தினர் 13 பேர் கொல்லப்பட்டனர். அதைச் சாட்டாகக் கொண்டு தென்னிலங்கையெங்கும் ஒன்றுமறியாத தமிழர்கள் கொல்லப்பட்டதையும் வீடுகள் எரிக்கப்பட்டதையும் நாம் அறிவோம். 2017 இலே யாழ்ப்பாண மண்ணில் ஒரு சிங்களப் பொலிஸ் உத்தியோகத்தர் இறந்தார். எங்கும் ஒரு வீடும் எரியவில்லை.

காலம் மாறியதும் அதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் ஒரு மனிதரின் நடத்தையையும் நாம் சொல்லாமல் விடலாகாது. நீதிபதி இளஞ்செழியன் அவர்கள் எல்லோரும் பார்க்கக் கண்ணீர் விட்டு அழுதார். இறந்தவருடைய மனைவியின் காலில் விழுந்தார். இரு பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் படைத்த ஆசனத்தில் இருந்த ஒருவர், ஒரு சார்ஜன்டின் மனைவியின் காலடியில் விழுந்த அக்காட்சியை நாடு முழுவதும் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் கண்டது. எத்தனையோ அணிவகுப்புகளும் மரியாதை வேட்டுக்களும் செய்ய இயலாத ஒன்றை அந்தக் கண்ணீர் செய்தது. சீருடை மறைத்த மனிதனை அது வெளியே கொண்டுவந்து காட்டியது.

கடமையில் இறந்தவரை எவ்வாறு மரியாதை செய்வது என்பதற்கு விடை இங்கே இருப்பதாகவே எனக்குப் படுகின்றது. இறந்தவர் எதைக் காத்து நின்றாரோ அதனைத் தொடர்ந்து காப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. நீதிபதி மூன்று காரியங்கள் செய்தார். அழுதார், குடும்பத்தைத் தாங்குவதாக வாக்களித்தார், திரும்பிப் போய் அந்த வழக்கை முடித்துத் தீர்ப்பு எழுதினார். பழியைப் பற்றிப் பேசவில்லை.

இனி, அன்பர்கள் சிலர் எழுப்பக்கூடிய மறுப்புக்களுக்கு வருகின்றேன். ஒரு நல்லவர் இருந்தார் என்பதற்காக முழுத் திணைக்களத்தையும் வணங்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. மரியாதை சீருடைக்கு உரியதன்று. பிறர் உயிருக்கு முன்னே நின்ற செயலுக்கு உரியது. அப்படிக் கொள்ளும்போதுதான் எம் கையில் ஒரு நேர்மையான அளவுகோல் கிடைக்கின்றது. நல்லூரிலே நடந்ததை அந்த அளவுகோலால் அளந்து போற்றுகின்றோம். ஒன்பது மாதங்களுக்கு முன் குளப்பிட்டியில் நடந்ததையும் அதே கோலால் அளந்து, இது காவலன்று என்று சொல்கின்றோம். போற்றத் தெரியாதவனுடைய கண்டனத்துக்கு வலுவில்லை. கண்டிக்கத் துணியாதவனுடைய போற்றுதலுக்கு மதிப்பில்லை. கடமையில் இறந்தவர்களின் பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, உயிரோடிருப்போர் செய்யும் தவறுகளை மறைக்க முயல்வது இறந்தவர்களுக்கே இழைக்கும் அநீதியாகும்.

இன்னொரு மறுப்பு இதனிலும் கூர்மையானது. எமது பிள்ளைகளுக்கு விளக்கேற்ற விடாமல் தடுத்தவர்களுக்கா நாம் விளக்கேற்றுவது என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது? 2020 ஆம் ஆண்டு நவம்பரிலே பொலிஸார் நீதிமன்றங்களை நாடி நினைவேந்தல்களுக்குத் தடையுத்தரவு பெற்றதை நாம் மறக்கவில்லை. அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. அதற்கு என் விடை ஒன்றுதான். இறந்தவரை நினைந்து அழும் உரிமையைத் தடுப்பது பாவம் என்பதை எம்மை விட நன்கு அறிந்தவர் எவர்? அப்படி அறிந்த நாமே அந்தப் பாவத்தை இன்னொரு தாய்க்குச் செய்யலாகாது. எமது துயரத்துக்கு இடம் கேட்கும் உரிமை, மற்றவர் துயரத்துக்கு இடம் கொடுப்பதனால் குறைவதில்லை, வலுப்பெறுகின்றது.

இதை ஒப்புக்கொண்டால் 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தையும் நாம் பேசாமல் கடந்து போக முடியாது. கிழக்கு மாகாணத்துப் பொலிஸ் நிலையங்களிலே, மேலிடப் பணிப்பின்படி ஆயுதங்களைக் கையளித்துச் சரணடைந்த 600 க்கும் மேற்பட்ட பொலிஸார் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். சிங்களவரும் முஸ்லிம்களுமாகிய அவர்கள் ஆயுதம் ஏந்தி நிற்கையில் இறக்கவில்லை. நம்பிச் சரணடைந்தபின் இறந்தார்கள். அடைக்கலம் புகுந்தவரைக் காப்பது எமது தர்மத்தின் அடிப்படை. தன்னைக் குத்தியவனுக்கே அடைக்கலம் கொடுத்த நாயனாரைக் குருபூசை செய்து வணங்கும் நாம், இதனைப் பார்த்து அது சரியென்று சொல்ல முடியாது. எம்மவர் பெயரால் நடந்தது என்பதற்காக மௌனம் காத்தால், எமக்கு இழைக்கப்பட்டவற்றைக் குறித்துப் பேசும் எமது குரல் கம்மிப் போகும்.

அரச அலுவலகத்தில் வேலை செய்தவன் என்ற வகையில் ஒன்று கூற விரும்புகின்றேன். கடமையின்போது மரணம் என்பது கோவையிலே ஒரு வரி. அந்த வரியின் பின்னே விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் படிவமும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும், சம்பளம் நிறுத்தும் கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படும். எல்லாம் முடிந்ததும் கோவை மூடப்பட்டு இறாக்கைக்குப் போய்விடும். கோவை மூடப்படலாம், கடன் மூடப்படுவதில்லை. சம்பளம் வாங்கித்தானே வேலை செய்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. சம்பளம் உழைப்புக்கு உரியது. உயிருக்கு விலை எந்தச் சம்பளத் திட்டத்திலும் குறிக்கப்பட்டதில்லை. செய்ந்நன்றி அறிதல் என ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்தது, கணக்கிலே தீராத இத்தகைய கடன்களை நோக்கித்தான் என்று கொள்வதில் தவறில்லை.

அப்படியானால் ஒரு கிராமத்து ஆலயத்தாராகிய நாம் செய்யத்தக்கது யாது? பெரிய மேடையோ, அதிதிகளோ, பொன்னாடையோ தேவையில்லை. எந்தத் திணைக்களத்தையும் மகிழ்விக்கவும் தேவையில்லை. வருகின்ற ஆடி அமாவாசையன்று, பிதிர்க்கடன் நிறைவேறிய பின்னர், வைரவர் சந்நிதியிலே ஒரு மோட்ச விளக்கு ஏற்றுவோம். பிறருக்குக் காவலாய் நின்று உயிர் துறந்த எல்லோருக்குமாக அது எரியட்டும். அதிலே பெயரோ இனமோ சீருடையோ குறிப்பிட வேண்டியதில்லை. தன் பிள்ளையை நினைந்து ஏற்ற விரும்பும் தாயும் அவ்விளக்கிலே நெய் வார்க்கலாம். நல்லூரில் இறந்த சிலாபத்து மனிதரை நினைப்பவரும் வார்க்கலாம். யாரை நினைந்து வார்த்தார் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. இந்த எண்ணத்தைத் தர்மகர்த்தா சபையின் முன்னும் அடியார்களாகிய உங்கள் முன்னும் பணிவோடு வைக்கின்றேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் சித்தம்.

உறங்காது உலகைக் காக்கும் எம்பெருமான், காவல் நின்று வீழ்ந்த ஆன்மாக்கள் யாவற்றையும் தம் திருவடி நிழலிலே சேர்த்தருள்வாராக. காக்க வேண்டிய கையால் எவருக்கும் தீங்கு நேராதிருக்கவும், காத்து நிற்போரின் பிள்ளைகள் தந்தையை இழக்காதிருக்கவும் அவர் திருவருளை வேண்டி அமைகின்றேன்.

சுபம்.